நல்லாப் பேசினவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். நான் சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பினாங்கில், ஜார்ஜ் டவுன் கடற்கரையை ஒட்டி, மணிக்கூண்டு வைத்த ரயில்வே கட்டடம் ஒன்று நிற்கிறது. அந்தக் காலத்தில் அங்கே டிக்கெட் வாங்கலாம். தண்டவாளம் மட்டும் கிடையாது. டிக்கெட்டை வாங்கி, ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பிறை என்ற ஊரில் இறங்கினால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்க முடியும். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது மழை பிடித்துக்கொண்டது. கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். ரயிலே வராத ஊரில், ரயில் பயணிகளுக்காக ஒரு பழைய ஹோட்டல் இருந்து, அதற்கு 'ஜங்ஷன் ஹோட்டல்' என்று பெயரும் வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தனியாக நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அந்த ஹோட்டலைத் தேடிப் போகாதீர்கள். அது என் மேசைமேல் மட்டும்தான் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் அதைப் பழுதுபார்க்கிறார்கள் என்று வைத்தால் இன்னும் சிரிக்கலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தொடக்கம் ஒன்று: "1943ஆம் ஆண்டு. கடற்காற்றில் உப்பு..." [எல்லாக் கடற்கரைக் கதையிலும் காற்றில் உப்புத்தான். அடித்துவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: "காயம்பட்ட கிழட்டு யானையைப் போல அந்த ஹோட்டல்..." [நான் யானையை மிருகக்காட்சிசாலையில் மட்டும் பார்த்தவன். இதுவும் போச்சு.]

தொடக்கம் மூன்று: "ஓவர்சியர் விஸ்வலிங்கம் ஜப்பான் ராணுவத்திடம் முட்டை கேட்டார்."

ஆ, இது நிற்கட்டும்.

2

ஓவர்சியர் விஸ்வலிங்கம் ஜப்பான் ராணுவத்திடம் முட்டை கேட்டார். தமக்கல்ல, சுவருக்கு.

ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டபோது ஜங்ஷன் ஹோட்டலின் கடல் பக்கத்துக் கூரை போய்விட்டது. வெள்ளைக்காரர்கள் ஒரே மூச்சில் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு கப்பலேறினார்கள். மிச்சம் இருந்ததைச் சனங்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள், கட்டில், கண்ணாடி, கதவுக் குமிழ் வரைக்கும். ஓர் ஆண்டு கழித்துக் கேப்டன் இனோவே வந்து பார்த்தார். ராணுவப் போக்குவரத்துப் பிரிவு. சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்குள் ஹோட்டல் பழையபடி எழுந்து நிற்க வேண்டும், பெரிய அதிகாரிகள் வந்து தங்குவார்கள் என்றார். வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே ஓவர்சியரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்தான் விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், இஸ்திரி கலையாத அரைக்கால் சட்டை, எதற்கும் குரல் உயர்த்தாத மனிதர்.

இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் சந்திரசேகரன். இந்தக் கதை அவன் முதுகுக்குப் பின்னால்தான் போகப் போகிறது, எனவே அவனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். ராணுவம் நடத்திய ஜப்பானிய மொழி வகுப்பில் அடி வாங்கிப் படித்துத் தேறியவன். கையில் துபாஷிப் பட்டி. அந்தப் பட்டிக்கு மாதாமாதம் அரிசி கிடைக்கும். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது அவன் மனைவி லெட்சுமி நிறைவயிற்றோடு கஞ்சி குடித்தது அந்தப் பட்டியால்தான்.

"முன்மண்டபச் சுவர் பழைய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு," என்றார் விஸ்வலிங்கம். "முட்டை வெள்ளைக்கரு வேணும். குலா மலாக்கா வெல்லம் வேணும். இல்லாட்டி மினுங்காது."

(ஓவர்சியரும் துபாஷியும் தமக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். உத்தியோகப் பழக்கம். நான் உங்களுக்காகத் தமிழாக்கித் தருகிறேன். இதை மனத்தில் வையுங்கள், பின்னால் எனக்கு உதவும்.)

சந்திரசேகரன் அதை ஜப்பானியத்தில் சொன்னான். கேப்டன் அவனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். சுவர் முட்டை தின்னுமா என்று கேட்டார். இவன் அதை ஓவர்சியரிடம் சொன்னான். "மூன்று பூச்சுக்குத் தின்னும்," என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல்.

முட்டை கூடை கூடையாக வந்து இறங்கியது. மஞ்சள்கரு சுவருக்கு ஆகாது, எனவே மஞ்சள்கருவெல்லாம் வேலையாட்களின் வயிற்றுக்குப் போயிற்று. அது நியாயம். நாலாம் நாளிலிருந்து வெள்ளைக்கருவும் அதே வழியில் போயிற்று. அது நியாயமில்லைதான், ஆனால் சீனத் தச்சர்களும் தமிழ்க் கொத்தனார்களும் தட்டைச் சுரண்டிச் சாப்பிட்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவருக்குக் கஞ்சித்தண்ணீர் பூசினார்கள். ஏன் மினுங்கவில்லை என்று கேப்டன் கேட்டார். முட்டை போதவில்லை என்றார் விஸ்வலிங்கம். சந்திரசேகரன் சிரிப்பை அடக்கி மொழிபெயர்த்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று வேலை முடிந்ததும் விஸ்வலிங்கம் அவன் சட்டைப் பையில் இரண்டு முட்டையைப் போட்டார்.

"பிள்ளைத்தாச்சிக்கு," என்றார்.

பார்த்தீர்களா, இதுவரைக்கும் எவ்வளவு நன்றாகப் போகிறது! இங்கேயே பேனாவை மூடியிருக்கலாம்.

3

மூடவில்லை. கதை நகர வேண்டுமே என்ற அரிப்பு. ஏதாவது கண்டெடுக்கப்பட வேண்டும் என்று நினைத்தேன். பழைய கட்டடத்தைப் பிரித்தால் உள்ளே ஏதாவது இருக்கும், இது எழுத்தாளர்களின் கெட்ட பழக்கம்.

மதுக்கூடத்தின் பின்சுவர்ப் பலகையைத் தச்சர்கள் கழற்றினார்கள். உள்ளே ஒரு ரேடியோ.

சத்தியமாகச் சொல்கிறேன், அதை வைத்தது நான்தான். எழுதும்போது எனக்கு அது வெறும் ரேடியோ. வெளிநாட்டுச் செய்தி கேட்கிற ரேடியோ வைத்திருந்தால் அந்த நாளில் தலை போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை எழுதிவிட்டது. பலகை கீழே விழுந்ததும் தச்சர்கள் சுவரை விட்டுப் பின்வாங்கினார்கள். விஸ்வலிங்கம் மட்டும் மெதுவாகக் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"மூடி வச்சிருவோமா சார்?" என்றான் சந்திரசேகரன். அவரிடம் பேச அவனுக்கு முதன்முறையாகத் தமிழ் வந்துவிட்டது.

கதவடியில் கேப்டனின் ஆள் நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

மறுநாளே ராணுவப் போலீஸ் வந்து விஸ்வலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போயிற்று. அவர்களுடைய கணக்கு இப்படி: ஹோட்டலைக் கடைசியாகப் பூட்டியவன் வெள்ளைக்கார இஞ்சினியர் துரை. துரை ஓடிப்போகும் முன்பு நம்பிக்கையான ஆளிடம் ரேடியோவை ஒப்படைத்திருப்பான். துரைக்குக் கீழே வேலை பார்த்த ஓவர்சியரை விட நம்பிக்கையான ஆள் யார்? துரை ஊரை விட்டுப் போன அன்றைக்கு இருவரையும் ஹோட்டல் முன்வாசலில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அவரை என்ன செய்தார்கள் என்று நான் எழுதவில்லை. எழுதி வைத்திருந்த அரைப் பக்கத்தைக் கிழித்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ரேடியோவை யார் வைத்தது என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

4

யோகலட்சுமி, விஸ்வலிங்கத்தின் மனைவி. கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷத்தில் யுத்தம் வந்துவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸில் சுற்றிலும் அவள் ஊர்ச் சனங்களே. கோயிலுக்குப் போனாலும் அவர்கள்தான். வேறு தமிழ் அவள் காதில் அதிகம் விழுந்ததில்லை.

அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போலீஸின் துபாஷிக்குக் காய்ச்சல், எனவே கேப்டனிடமிருந்து சந்திரசேகரனை இரவல் வாங்கினார்கள். அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. யாரோ ஒருவன் மொழிபெயர்ப்பதற்குப் பதில் நானே செய்யலாமே, நல்லபடியாகச் சொல்லலாமே என்று நினைத்தான்.

போலீஸ் இருந்த இடம் முன்பு பள்ளிக்கூடமாக இருந்தது. கரும்பலகை இன்னும் சுவரில் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் யோகலட்சுமி, நடுவில் இவன்.

அதிகாரி கேட்டதைச் சந்திரசேகரன் தமிழில் கேட்டான்:

"அக்கா, துரை ஊர விட்டுப் போன அன்னிக்கு, ஐயாவுக்கும் துரைக்கும் பேச்சு ஏதும் நடந்துச்சா? நீங்க பாத்தீங்களா?"

யோகலட்சுமியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியைத்தான் அவள் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள் போல.

"ஓம் தம்பி, நடந்தது. நான் பக்கத்தில நிண்டனான். இவர் துரையை நல்லாப் பேசினவர்!"

"நல்லா பேசினாரா?" சந்திரசேகரன் திருப்பிக் கேட்டான். இந்த அம்மாள் என்ன, விவரம் தெரியாமல் உளறுகிறாளே!

"நல்லாப் பேசினவர். எல்லாருக்கும் முன்னால, முன்வாசல்ல வச்சுப் பேசினவர். துரை அப்ப..."

அதிகாரி கையைத் தூக்கினான். போதும். என்ன சொன்னாள்?

எப்படியாவது மழுப்பலாமா என்று சந்திரசேகரன் பார்த்தான். ஆனால் அவளுடைய முகமே பூரித்துக்கிடந்ததே, 'இல்லை என்கிறாள்' என்று எப்படிச் சொல்வது? ஆமாம், பேசினார், நல்லவிதமாகப் பேசினார், முன்வாசலில் பேசினார் என்று சொன்னான். அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டான்.

வெளியே வந்ததும் அவள் இவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய உபகாரம் தம்பி. இனி விட்டிடுவாங்கள்," என்றாள்.

இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நடந்தான்.

["துரை அப்ப" என்று தொடங்கிய வாக்கியத்தைப் பாருங்கள். அதை மட்டும் அவள் முடித்திருந்தால்! அதிகாரியின் கையைத் தூக்க வைத்ததும் நான்தான்.]

5

யாழ்ப்பாணத்து வாசகர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், சந்திரசேகரனுக்குத் தெரியும்போது உங்களுக்கும் தெரியட்டும்.

சில நாள் கழித்து ஹோட்டல் சாமான் அறையில் அப்புத்துரை உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். அவர் ஸ்டோர் கிளார்க், விஸ்வலிங்கத்தின் ஊர்க்காரர். வார்னிஷ் டின் ஒன்று குறைந்த கவலையில் அவருக்கு உத்தியோக ஆங்கிலமும் மறந்துவிட்டது.

"கேப்டன் இண்டைக்கு என்னைப் பேசிப்போட்டான் தம்பி."

"நான் இல்லாம எப்டிண்ணே பேசினான்? உங்களுக்குத்தான் ஜப்பான் தெரியாதே."

"பேசுறதுக்குப் பாஷை என்னத்துக்கு? மூஞ்சையைப் பார்த்தாலே விளங்காதே? நல்லாப் பேசிப்போட்டான். எனக்கெண்டால் அழுகை வந்திட்டுது."

"பேசினதுக்கு ஏண்ணே அழுவணும்?"

அப்புத்துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏசினவன் எண்டு சொல்லுறன். உங்கட ஆக்களுக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் பேசுறது எண்டு சொல்லுறதை நாங்கள் கதைக்கிறது எண்டு சொல்லுவம். நாங்கள் பேசினம் எண்டால், பேசினதுதான். விஸ்வலிங்கம் இருந்திருக்கோணும், கேப்டனுக்குத் திருப்பிக் குடுத்திருப்பார். விட்டிட்டு ஓடுற துரையையே நடு வாசல்ல வச்சுப் பேசின மனுசன்!"

சந்திரசேகரன் எழுந்தான். பிறகு உட்கார்ந்தான். அப்புத்துரை என்னவோ கேட்டார், அவன் காதில் விழவில்லை. துரையை நல்லாப் பேசினவர். துரையைத் திட்டித் தீர்த்தவர். வெள்ளைக்காரனை நாலு பேர் முன்னால் கிழித்தவர் என்று ஒருத்தி தன் புருஷனைக் காப்பாற்றச் சொன்னாள். அதை இவன் எடுத்து, வெள்ளைக்காரனோடு குலாவியவர் என்று ஆக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஐயோ! கடவுளே! பின்கட்டுக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தான்.

(இங்கே நீங்கள் மறிப்பீர்கள் என்று தெரியும். மாதக்கணக்கில் கூட வேலை செய்தவனுக்கு இந்த ஒரு சொல் தெரியாதா? அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள் என்று அப்போதே சொன்னேனே, இதற்குத்தான். இன்னொன்றும் கேட்பீர்கள்: நாமும்தானே 'அப்பாவிடம் பேச்சு வாங்கினேன்' என்கிறோம்? உண்மை. அந்தப் பொருள் நம் வாயிலும் பாதி இருக்கிறது. சந்திரசேகரனுக்கும் அதுதான் நெஞ்சை அறுத்தது. ஒரு நொடி யோசித்திருந்தால் பிடித்திருப்பான். அவளோ 'துரையோடு' என்றுகூடச் சொல்லவில்லை, 'துரையை' என்றாள். அந்த ஒற்றை 'ஐ'யைக் கேட்டிருந்தால் போதும். பயந்த காதுக்கு வேற்றுமை உருபு கேட்குமா?)

6

'ரேடியோவை எடுத்துவிடுங்களேன், உங்கள் கதைதானே' என்கிறீர்கள். முயன்று பார்த்தேன்.

"தச்சர்கள் பலகையைக் கழற்றினார்கள். உள்ளே செத்த பல்லி..."

முடியவில்லை. பல்லியை எழுதிய பிறகும் யோகலட்சுமி அந்த மேசைக்கு முன்னால் அப்படியே பூரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். கேட்காத மாதிரி எழுதக் கை வரவில்லை.

அடுத்து முடிவுகள். ஒரு முடிவில், சந்திரசேகரன் போய்த் தப்பை ஒப்புக்கொள்கிறான். அதிகாரி ஓர் அறை கொடுக்கிறான், நடந்ததைக் கேட்டுச் சிரிக்கிறான், விஸ்வலிங்கத்தை விட்டுவிடுகிறான். அழகாக எழுதினேன். ராணுவப் போலீஸ் சிரித்துக்கொண்டே யாரையாவது வெளியே விட்டதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நானும் இல்லை. குப்பையில் போட்டேன்.

இன்னொரு முடிவில், அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், தப்பாக மொழிபெயர்த்த துபாஷி என்று அவன் கதி என்ன ஆகும்? லெட்சுமியின் கஞ்சி? ஹோட்டல் திறக்கப்படுகிறது. முன்மண்டபம் ஒரு மாதிரி மினுங்குகிறது. லெட்சுமிக்குப் பெண் குழந்தை. விஸ்வலிங்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இதை எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வரியும் அடிக்கவில்லை. படித்துப் பார்த்தேன், நன்றாகவும் இருந்தது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. ஒரு மனுஷனைச் சாகவிட்டு எழுத எனக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதா? எழுந்து போய் முகம் கழுவினேன். அந்தப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

7

யோகலட்சுமி ஹோட்டலுக்கே வந்துவிட்டாள். தனியாக, பட்டாளத்தான் நடமாடுகிற தெருவில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. மாடிப்படியடியில் சந்திரசேகரனைக் கண்டதும் சிரித்தாள்.

"திருப்பிக் கூப்பிட்டிருக்கினம் தம்பி! நாளைக்கு வரட்டாம். அண்டைக்குச் சொன்னதை இன்னொருக்கால் சொல்லி உறுதிப்படுத்தட்டாம். நான் சொன்னது வேலை செய்திட்டுது போல."

வேலை செய்துவிட்டதுதான். அவள் மறுபடி அதையே சொல்லிவிட்டால் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவனையும் வரச்சொல்லி ஏற்கெனவே கேப்டனிடம் சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். எங்க பக்கம் பேசினாருன்னா... சும்மா பேசறது. நல்லவிதமா. நீங்க கதைக்கிறதுன்னு சொல்வீங்களாமே, அது."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அது பாட்டுக்கு இருந்தது.

"என்ன சொன்னனீங்கள் அவங்களுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"துரையோட நல்லாக் கதைச்சவர் எண்டோ?"

"ஆமாக்கா."

யோகலட்சுமி படியில் உட்கார்ந்தாள். அன்று காலையில்தான் வார்னிஷ் அடித்த படி. காயவில்லை என்று சொல்ல வாயெடுத்து அவன் சொல்லாமல் விட்டான்.

"என்ரை வாயால," என்றாள். "ஐயோ, என்ரை வாயாலயே குடுத்திட்டனே."

"அக்கா, தப்பு என்னுது..."

"திருத்திச் சொல்லுங்கோ. நாளைக்குத் திருத்திச் சொல்லுங்கோ. நான்தான் பயத்தில பிழையாச் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. என்னை அடிக்கட்டும்."

"புருஷனக் காப்பாத்த பொண்டாட்டி மாத்திச் சொன்னா நம்ப மாட்டானுங்க அக்கா. நம்பணும்னா..."

அவள் புரிந்துகொண்டாள். நம்பணும் என்றால் துபாஷி தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அந்தத் துபாஷியே சொல்ல வேண்டும். அவள் அவன் கைப்பட்டியைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கட வீட்டில எப்ப பிள்ளைப்பேறு?"

"அடுத்த மாசம்."

அவள் எழுந்தாள். சேலை படியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள், கிழிந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அவள் கெஞ்சியிருந்தால், முடியாது அக்கா என்று அவன் அவள் காலில் விழுந்திருப்பான். அவள் கேட்கவே இல்லை.

8

அதே கரும்பலகை அறை. அதிகாரி அதே கேள்வியைக் கேட்டான். சந்திரசேகரன் வேண்டுமென்றே வேறு சொற்களில் கேட்டான்.

"அக்கா, அன்னிக்கு முன்வாசல்ல என்னா நடந்துச்சு?"

யோகலட்சுமி அவனைப் பார்க்கவில்லை. நேரே அதிகாரியைப் பார்த்தாள். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தபோதுகூட என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கே தெரியாது. வலது கை விரலை நீட்டினாள், அதிகாரியின் மூக்குக்கு நேராக.

"நாயைத் தூக்கிக்கொண்டு போறீரோ?" என்று கத்தினாள். "உம்மட நாய்க்குக் கப்பல்ல இடமிருக்கு, எங்களுக்கு இல்லையோ? இருபது வருசம் உமக்குக் கீழை வேலை செய்தனான், குண்டுக்குள்ளை எங்களை விட்டிட்டு ஓடுறீரோ? வெட்கமில்லையோ உமக்கு? துரை எண்டு இனி ஒருத்தரும் உம்மைக் கூப்பிடக் கூடாது! போம்! என்ரை கண்ணிலை முழியாதையும்!"

குரல் உயர்த்தாத மனிதரின் குரல் அது. அன்றைக்கு அவர் துரையைப் பேசியதை அவள் அப்படியே நடித்துக் காட்டினாள். பாஷை தேவையில்லை, மூஞ்சியைப் பார்த்தே விளங்கிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. இவனை விட்டுவிட்டுத் தானே சொல்லிவிடப் பார்த்தாள். இவன் வீட்டுக் குழந்தைக்காக.

ஆனால் ஓர் அதிகாரியின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி ஒரு பெண் கத்தினால் அவனுக்கு என்ன விளங்கும்? தன்னைத் திட்டுகிறாள் என்றுதான் விளங்கும். அவன் எழுந்துவிட்டான். முகம் கன்றிச் சிவந்துவிட்டது. கதவடியில் நின்ற சோல்ஜர் பாய்ந்து வந்து அவள் கொண்டையைப் பிடித்து மண்டியிட வைத்தான்.

"என்ன சொல்கிறாள்?" என்று அதிகாரி சந்திரசேகரனிடம் கத்தினான்.

நான் இங்கே எழுந்துவிடுகிறேன். சாக்குப் போக்கு என்று நினைக்காதீர்கள், எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. இந்தக் கதைக்காக இரண்டே இரண்டு சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஹனஷிதா என்றால் பேசினார். ஷிகத்தா என்றால் ஏசினார். முதல் சொல்லைச் சொன்னால் சந்திரசேகரன் இன்று வீட்டுக்குப் போவான். இரண்டாவதைச் சொன்னால், போன தடவை ஏன் வேறு மாதிரி சொன்னாய் என்று கேட்பார்கள், அதற்குப் பிறகு அவன் எப்போது வீட்டுக்குப் போவான் என்று எனக்குத் தெரியாது. விஸ்வலிங்கம் பிழைப்பார் என்றும் என்னால் உறுதி கொடுக்க முடியாது. ஒருவேளை பிழைக்கலாம். ஒருவேளை, அவ்வளவுதான்.

என் நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். இல்லை, உட்காரக்கூட நேரமில்லை. சோல்ஜர் அவள் தலையைப் பின்னால் இழுத்துவிட்டான், அவளால் கத்த முடியவில்லை, அதிகாரி உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சொல்லுங்கள், சீக்கிரம்.